தாடி வளராமல் போனதும் விரியன் கடித்ததும்

இந்த முறை வந்த கடிதம் நான்கு பக்கம். சுருக்கிச் சொல்கிறேன். எழுதியவர் பர்மாவில், ரங்கூனுக்கு அருகே சிரியம் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த சகோதரி, வயது 30. கணவருக்கு 37. சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை நிலம் கொஞ்சம், நெல் விவசாயம். ஆறு வயதில் ஒரு மகள். ஆள் தெரியாமலிருக்க இரண்டொரு விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயைப் பற்றிய எதையும் மாற்றவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் அறுவடை நேரத்தில், கட்டிப் போட்டிருந்த கதிரைத் தூக்கப் போனபோது கணவரைக் கணுக்காலில் கண்ணாடி விரியன் கடித்திருக்கிறது. பாம்பை அடித்துக் கையோடு கொண்டுபோனதால் இன்ன பாம்பு என்பதில் சந்தேகமில்லை. முதலில் மந்திரிப்பவரிடம் அரை நாள் போய்விட்டது. அப்புறம் டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் விஷமுறிவு ஊசி. ஈறில் ரத்தம், கண் இரண்டும் நீர் கோத்து வீக்கம், மறுநாளிலிருந்து சிறுநீர் நின்றுவிட்டது. ரங்கூனுக்குக் கொண்டுபோய் ஐந்து முறை டயாலிசிஸ் செய்து, மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். கிட்னி முழுசாகத் தேறிவிட்டது. ‘பிழைத்தார், அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம்’ என்று எழுதுகிறார்.

முடியவில்லை. ஒரு வருஷத்துக்குள் ஆள் மாறிப்போனார். வயலில் ஒரு மணி நேரம் நின்றால் உட்கார்ந்துவிடுகிறார். சித்திரை வெயிலில் போர்வை கேட்கிறார். முகம் வெளுத்து, தோல் மெல்லிசாகி, வாரம் மூன்று முறை சவரம் செய்தவர் இப்போது மாதம் ஒரு முறை செய்தால் போதும் என்றாகிவிட்டது. தாம்பத்தியம் நின்று இரண்டு வருஷம். ஒரு முறை காலையில் சாப்பிடாமல் வேலைக்குப் போய் மயங்கி விழுந்தபோது சர்க்கரை 54. இன்னொரு முறை வயிற்றுப்போக்கில் மயங்கியபோது சோடியம் 126, ரத்த அழுத்தம் 80க்கு 50. தைராய்டு சோதித்ததில் டி.எஸ்.எச். 1.8. ‘நார்மல், மனசுதான் காரணம்’ என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு வருஷமாக வெற்றிலைக் கடையில் விற்கும் கலவை மாத்திரைப் பொட்டலம் வாங்கிப் போடுகிறார். அதைப் போட்ட அன்று மட்டும் தெம்பாக இருக்கிறதாம். அந்தப் பழக்கம் கெட்டது என்று இந்தச் சகோதரி மூன்று வாரத்துக்கு முன் அதை நிறுத்த வைத்திருக்கிறார். அதே சமயத்தில் வேறொரு கிளினிக்கில் ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன் அளவு) பார்த்து, அது குறைவாக இருந்ததால் தைராக்ஸின் என்ற தைராய்டு மாத்திரை 100 மைக்ரோகிராம் கொடுத்திருக்கிறார்கள். பத்தாம் நாளிலிருந்து வாந்தி, தலைசுற்றல், எழுந்து நிற்க முடியவில்லை.

கேள்விகள் நான்கு. விஷம் இன்னும் உடம்பில் இருக்கிறதா? தைராய்டு மாத்திரையைத் தொடரலாமா? இன்னொரு குழந்தை பிறக்குமா? நிலத்தை அடகு வைத்துச் சென்னைக்கு அழைத்துப்போக மாமனார் சொல்கிறார், போகலாமா? ஐந்தாவதாக ஒரு கேள்வி கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சகோதரி, கடைசிப் பத்தியைப் படித்ததும் நான் பதில் எழுத உட்காரவில்லை. நீங்கள் கொடுத்திருந்த எண்ணில் கூப்பிட்டேன். இப்போதே டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தைராக்ஸினை நிறுத்துங்கள், அங்கே டாக்டரிடம் என்னோடு பேசச் சொல்லுங்கள் என்று மூன்று வார்த்தையில் சொன்னேன். நல்லவேளை, அந்த இளம் டாக்டர் உடனே புரிந்துகொண்டார். சலைனும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு 100 மில்லிகிராம் ஊசியும் போட்டு, தொடர்ந்து ஆறு மணிக்கு ஒரு முறை கொடுத்தார்கள். மறுநாள் சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து மீன்குழம்பும் சோறும் கேட்டார் என்று நீங்கள் சொன்னபோது எனக்குப் பாதி நோய் தெரிந்துவிட்டது. இப்போது ஸ்டீராய்டு மாத்திரையோடு வீட்டில் இருக்கிறார், அடுத்த வாரம் ரங்கூனில் பரிசோதனை. அன்று போனில் சொன்னதில் பாதி பதற்றத்தில் உங்கள் காதில் விழுந்திருக்காது. அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன். விரியன் கடித்துப் பிழைத்தவர்கள் உள்ள வேறு வீடுகளிலும் படிக்கட்டும்.

விஷம் போய்விட்டது, காயம் இருக்கிறது

உங்கள் மாமியார் ‘மூன்று வருஷமாக விஷம் ரத்தத்தில் ஓடுகிறது’ என்று கருவாடு, கத்தரிக்காய், புளி எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறார். விஷம் சில நாளிலேயே உடம்பை விட்டுப் போய்விட்டது. பத்தியத்தை இன்றைக்கே விடலாம். உப்பை மட்டும் கட்டாயம் குறைக்காதீர்கள். ஆனால் அத்தை சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது: இந்த நோய்க்கும் அந்தக் கடிக்கும் தொடர்பு உண்டு. பார்த்த டாக்டர்கள் யாரும் கேட்காத கேள்வியை அவர் கேட்டிருக்கிறார்.

மூளைக்கு அடியில், மூக்கின் வேருக்குப் பின்னால், எலும்புக் குழி ஒன்றில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. எடை அரை கிராம் சுமார். தைராய்டு, அட்ரினல், விரை அல்லது சினைப்பை ஆகியவை எவ்வளவு சுரக்க வேண்டும் என்று உத்தரவு போடுவது இதுதான். பர்மியர் ம்வேப்வே என்று சொல்கிற நம் ஊர்க் கண்ணாடி விரியனின் விஷம் ரத்தத்தின் உறையும் சக்தியைக் குலைத்துவிடும். நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஒரு பக்கம் உறைந்த ரத்தக் கட்டிகள் அடைக்கும், இன்னொரு பக்கம் கசிவு ஏற்படும், அழுத்தமும் விழும். இதில் கிட்னி படும் பாட்டை எல்லாரும் பார்க்கிறார்கள், ஏனென்றால் சிறுநீர் நிற்கிறது. பிட்யூட்டரிக்குள் ரத்தம் கசிந்தோ, ரத்தம் போகாமலோ திசு செத்தால் அன்றைக்கு வெளியே பெரிதாக எதுவும் தெரிவதில்லை. கடுமையாகக் கடிபட்டவர்களில், குறிப்பாகக் கிட்னி பாதித்தவர்களில், ஒரு பகுதியினருக்கு இது நடக்கிறது. கடிபட்ட எல்லாருக்கும் வருவதில்லை. கண்ணில் நீர் கோத்து வீங்கியதாக எழுதியிருந்தீர்களே, அது குழாய்கள் கசிந்ததின் அடையாளம்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. பிரசவத்தில் அதிக ரத்தம் போன பெண்களுக்குப் பிட்யூட்டரி இப்படிச் செத்துப்போவதை ஹெரால்டு ஷீஹன் என்ற ஆங்கிலேய நோயியல் மருத்துவர் 1937இல் எழுதினார். அதைப் போலவே விரியன் கடியிலும் நடக்கிறது என்று டாக்டர் துன் பே, டேவிட் வாரல் முதலான பர்மிய, ஆங்கிலேய மருத்துவர்கள் 1987இல் லான்செட் இதழில் எழுதினார்கள். நம் நாட்டு நோயாளிகளை வைத்து, நம் நாட்டு மருத்துவர்கள் பங்கெடுத்துச் சொன்ன விஷயம் அது. அப்படியிருந்தும் ‘பாம்பு கடித்ததுண்டா’ என்று நம் ஊர்க் கிளினிக்குகளிலேயே கேட்பதில்லை. எனக்கும் இதில் குற்ற உணர்வு உண்டு. வேலைக்கு வந்த புதிதில் இப்படி ஒருவரைச் சோகை என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பியவன் நான்.

(இடையில் பெண் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பிரசவத்தில் மிதமிஞ்சி ரத்தம் போய், அதன்பின் பால் சுரக்காமல், மாதவிலக்கும் திரும்ப வராமல், நாளாக ஆகச் சோர்ந்துபோகிறவர்கள் இருந்தால் இந்தக் கட்டுரை அவர்களுக்கும்தான்.)

டி.எஸ்.எச். நார்மல் என்றால் தைராய்டு நார்மலா?

பெரும்பாலும் ஆம். உங்கள் கணவர் விஷயத்தில் இல்லை. டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பது அல்ல, தைராய்டை வேலை வாங்கப் பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன். கழுத்தில் உள்ள தைராய்டு சோம்பினால் பிட்யூட்டரி அதட்டும், டி.எஸ்.எச். ஏறும். அதனால்தான் அந்த ஒரு சோதனையை வைத்தே லட்சக்கணக்கானவர்களுக்கு நோயைக் கண்டுபிடிக்க முடிகிறது. அதட்ட வேண்டிய பிட்யூட்டரியே செத்துக் கிடந்தால்? தைராக்ஸின் குறைந்தாலும் டி.எஸ்.எச். ஏறாது. குறைவாக இருக்கலாம், நார்மலாக இருக்கலாம், சில சமயம் லேசாகக் கூடியும் இருக்கலாம். ஃப்ரீ டி4 குறைந்திருக்கும்போது டி.எஸ்.எச். 1.8 என்று இருப்பது நார்மல் அல்ல. அந்த நேரத்தில் அது எகிறியிருக்க வேண்டும்.

ஆக ஃப்ரீ டி4 பார்த்த இரண்டாவது கிளினிக் பாதி சரியாகச் செய்தது. தைராக்ஸின் குறைவு என்று கண்டுபிடித்தார்கள். ஏன் குறைந்தது என்று கேட்கவில்லை. இனிமேல் மாத்திரை போதுமா என்று பார்க்கவும் டி.எஸ்.எச். உதவாது. யாராவது அதை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு ‘ரொம்பக் குறைவாக இருக்கிறது, மாத்திரையைக் குறையுங்கள்’ என்றால் கேட்காதீர்கள். ஃப்ரீ டி4தான் நம் அளவுகோல். கல்லுப்பைவிட அயோடின் உப்பு நல்லது என்று பக்கத்து வீட்டு ஆயா சொன்னது நல்ல அறிவுரை, வீட்டில் எல்லாரும் அதையே சாப்பிடுங்கள். ஆனால் இந்த நோய் அதனால் சரியாகாது.

எந்த மாத்திரை முதலில்?

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத எனக்கு ஒரே காரணம்தான் வேண்டுமென்றால், இந்தத் தலைப்பு போதும்.

அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்ற ஹார்மோனைத் தருகிறது. பசியில் சர்க்கரை விழாமல் காப்பது, ரத்த அழுத்தத்தைத் தாங்குவது, காய்ச்சல், வயிற்றுப்போக்கு போன்ற சோதனை வரும்போது உடம்பை நிற்க வைப்பது எல்லாம் அதன் வேலை. இதற்கும் உத்தரவு பிட்யூட்டரியிலிருந்துதான் வர வேண்டும். உங்கள் கணவருக்கு அந்த உத்தரவு சரியாக வரவில்லை. சர்க்கரை 54, சோடியம் 126, வயிற்றுப்போக்கில் மயக்கம் மூன்றும் சேர்ந்து அதைத்தான் சொல்கின்றன. காசநோயால் அட்ரினல் சுரப்பியே கெட்டுப்போவதும் நம் நாட்டில் உண்டு. அங்கே ஈறும் உள்ளங்கை ரேகையும் கறுக்கும். உங்கள் கணவர் வெளுத்துப்போனார் என்கிறீர்கள், அது பிட்யூட்டரி பக்கம் கை காட்டுகிறது.

கார்ட்டிசால் இப்படிக் குறைந்த உடம்பில் தைராக்ஸினை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? தைராக்ஸின் உடம்பின் எல்லா வேலையையும் முடுக்கிவிடும். இருக்கிற கொஞ்சநஞ்சக் கார்ட்டிசாலும் வேகமாகச் செலவாகும். காய்ந்துபோன மாட்டை ஓட்டமாக ஓட்டியது போல. வாந்தி, அழுத்தம் விழுவது, மயக்கம், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் வரிசை மாறக் கூடாது: கார்ட்டிசாலுக்கு ஈடான மாத்திரை முதலில், அது சில நாள் போனபின் தைராக்ஸின், அதுவும் சிறிய அளவில் தொடங்கி. தைராக்ஸின் உடம்பில் மெதுவாகக் கரைவதால் இடையில் இரண்டு வாரம் நிறுத்தினால் கெடுதல் எதுவும் இல்லை.

சரி, வெற்றிலைக் கடைப் பொட்டலத்துக்கு வருவோம். அதைப் போட்டால் தெம்பு வந்தது என்பதைப் படித்ததும் எனக்குக் கோபமும் வந்தது, ஒரு துப்பும் கிடைத்தது. அந்த மாதிரிக் கலவையில் பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன் அல்லது பிரெட்னிசோலோன் கலந்திருக்கும். இரண்டும் ஸ்டீராய்டு, கார்ட்டிசாலின் இனம். தெரியாமலே அவருக்கு வேண்டிய மருந்து கண்டபடி அளவில் கிடைத்துக்கொண்டிருந்தது. நீங்கள் நல்லெண்ணத்தில் அதை நிறுத்தியதும், தைராக்ஸின் சேர்ந்ததும் ஒரே வாரத்தில். உங்களைக் குற்றம் சொல்லவில்லை, யாராயிருந்தாலும் நிறுத்தத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தப் பொட்டலத்தை மாதக்கணக்கில் போடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதை இதைப் படிக்கும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். பிட்யூட்டரி நன்றாக இருப்பவர்களுக்கே அது சொந்தக் கார்ட்டிசால் சுரப்பைத் தூங்க வைத்துவிடும்.

அப்படியானால் இந்த நோயே பொட்டலத்தால் வந்ததா என்று ரங்கூனில் கேட்பார்கள், நியாயமான கேள்வி. சோர்வும் சவரம் குறைந்ததும் பொட்டலத்துக்கு ஒரு வருஷம் முன்பே தொடங்கிவிட்டன. தைராக்ஸினும் குறைந்திருக்கிறது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும், விரைக்குப் பிட்யூட்டரி உத்தரவாக அனுப்பும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் குறைவு என்று வந்துவிட்டால் சந்தேகம் பெரிதும் நீங்கிவிடும்.

ரங்கூனில் என்ன பார்க்க வேண்டும்?

காலை 8, 9 மணிக்குள் எடுத்த ரத்தத்தில் கார்ட்டிசால். டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் பற்றாக்குறை உறுதி, 15க்கு மேலே என்றால் பெரும்பாலும் இல்லை. நடுவில் வந்தால் ஒரு ஊசி போட்டு மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இப்போது சாப்பிடும் மாத்திரை இந்தச் சோதனையைக் குழப்பும். முதல் நாள் மாத்திரையை எப்போது போடுவது, எதை ரத்தம் எடுத்தபின் போடுவது என்று அந்த டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு அதன்படி செய்யுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதோடு ஃப்ரீ டி4, டெஸ்டோஸ்டிரோன், எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின், சோடியம், கிட்னி. பிட்யூட்டரிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால் சுரப்பி சுருங்கி அந்தக் குழி காலியாகத் தெரியலாம், ஒன்றும் தெரியாமலும் போகலாம். படம் நார்மல் என்பதால் நோய் இல்லை என்று ஆகாது, படத்துக்காக மருந்தைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

மாமனாருக்குச் சொல்லுங்கள், இதற்காக நிலத்தை அடகு வைக்க வேண்டியதில்லை. ரங்கூன் பொது மருத்துவமனையிலேயே ஹார்மோன் பிரிவு இருக்கிறது. சென்னையில் போய்ச் சொல்லப்போவதும் இதே மருந்துகள்தான். சொந்தக்காரர்களைப் பார்க்க, கோயிலுக்குப் போக என்றால் தாராளமாகப் போகட்டும், உடம்பு தேறியபின். வாந்தியோடு இருந்தவரை நேராக விமானத்தில் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆயுள் முழுக்க ஸ்டீராய்டா?

‘ஸ்டீராய்டு போட்டால் முகம் ஊதும், எலும்பு தேயும், சர்க்கரை வரும், கேட்டிருக்கிறோம்’ என்று சொன்னீர்கள். அதெல்லாம் உடம்புக்கு வேண்டியதைவிட அதிகமாகப் போடும்போது. இங்கே நாம் கூடுதலாக எதையும் கொடுக்கவில்லை, இல்லாததை ஈடு கட்டுகிறோம். ஹைட்ரோகார்ட்டிசோன் என்றால் நாளைக்கு 15 முதல் 20 மில்லிகிராம், எழுந்ததும் பெரும்பங்கு, மத்தியானம் மீதி. அது தொடர்ந்து கிடைக்காவிட்டால் பிரெட்னிசோலோன் காலையில் ஒரு வேளை, 3 முதல் 5 மில்லிகிராம். சரியான அளவை ரங்கூன் டாக்டர் முடிவு செய்வார். அதைக் குறைக்கவும் கூட்டவும் கடைக்காரருக்கோ எனக்கோ, ஏன் உங்களுக்கோ உரிமை இல்லை, கீழே சொல்லும் காய்ச்சல் விதி ஒன்றைத் தவிர. ஆமாம், ஆயுள் முழுக்கத்தான். இதுவும் தைராக்ஸினும் விலை குறைந்த மாத்திரைகள், நீங்கள் பொட்டலத்துக்குக் கொடுத்த காசை விடப் பெரிதாக வராது.

தைராக்ஸினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியாவது கழித்து லப்பெயேயும் (பால் டீ) மொஹிங்காவும் (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்). பால் டீயோடு சேர்த்து விழுங்கினால் மருந்து முழுசாக உடம்பில் சேராது. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகள் நான்கு மணி நேரம் தள்ளி.

ஒரு விதி மட்டும் மனப்பாடமாக வேண்டும். நமக்குக் காய்ச்சல் வந்தால் உடம்பு தானாகக் கார்ட்டிசாலைக் கூட்டிக்கொள்ளும், அவருக்குக் கூட்டிக்கொள்ள வழியில்லை. அதனால் காய்ச்சல் வந்தால் அன்றைய ஸ்டீராய்டு மாத்திரை இரண்டு மடங்கு, கடுமையான காய்ச்சல் என்றால் மூன்று மடங்கு, காய்ச்சல் விட்டதும் பழைய அளவு. வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து மாத்திரை உள்ளே நிற்கவில்லையென்றால் காத்திருக்கக் கூடாது, ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ராத்திரியானாலும். பல் பிடுங்குவதானாலும் ஆபரேஷனானாலும் முதலிலேயே சொல்ல வேண்டும். இதை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கட்டும். பர்மிய மொழியில் எழுதுங்கள், சகோதரி. மயங்கிக் கிடக்கும்போது அட்டையைப் படிக்கப்போகும் நர்ஸுக்குத் தமிழ் தெரியாது.

ஸ்டீராய்டு தொடங்கியபின் திடீரென்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, ராத்திரி நாலைந்து முறை சிறுநீருக்கு எழுந்தால் தெரிவியுங்கள். பிட்யூட்டரியின் பின்பகுதியும் பட்டிருந்தால் அதுவரை மறைந்திருந்தது அப்போது வெளியே வரும். அபூர்வம்தான், அதற்கும் மருந்து உண்டு.

இன்னொரு குழந்தை

இந்தப் பகுதியை உங்கள் கணவரும் படிக்க வேண்டும். அவரிடம் கொடுங்கள்.

தம்பி, உங்களுக்கு மனைவி மேல் ஆசை போய்விடவில்லை, அவர் உங்களுக்கு அலுத்தும் போகவில்லை. ஆசையைத் தூண்டும் ஹார்மோனுக்கு உத்தரவு நின்றுவிட்டது, தாடிக்கு நின்றது போலவே. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கிட்னி நின்றபோது வெட்கப்பட்டீர்களா? டீக்கடையில் நண்பர்கள் செய்யும் கேலி விவரம் தெரியாத கேலி. டெஸ்டோஸ்டிரோன் ஊசி இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை போட்டால் தெம்பும் தாடியும் தாம்பத்தியமும் சில மாதங்களில் திரும்பும்.

ஆனால் பொறுங்கள். டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆண்மையைத் தரும், விந்தணுவைத் தராது. விந்தணு உற்பத்திக்கு விரைக்குப் பிட்யூட்டரியின் உத்தரவே வேண்டும். அந்த உத்தரவை எச்.சி.ஜி. ஊசியாகவும், தேவைப்பட்டால் எஃப்.எஸ்.எச். ஊசியாகவும் வெளியிலிருந்து கொடுக்க முடியும். வாரத்துக்கு இரண்டு மூன்று ஊசி, ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷம் வரைகூட ஆகலாம். விலையும் அதிகம். முன்பு ஒரு குழந்தை பிறந்திருக்கிறது, விரை வளர்ந்து முதிர்ந்தபின் வந்த நோய் இது. அதனால் பலன் கிடைக்க வாய்ப்பு நல்லபடியே இருக்கிறது, உறுதி சொல்ல மாட்டேன். எப்படியானாலும், குழந்தை வேண்டும் என்பதை முதல் டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், முதல் ஆறு மாதம் கார்ட்டிசாலையும் தைராய்டையும் நேர் செய்து, ஆளைத் தேற்றுங்கள். குழந்தை முயற்சியை அப்புறம் தொடங்கலாம். சகோதரிக்கு வயது 30தான், அவசரமில்லை. இன்னொன்று: இது பரம்பரையாக வராது. மகளுக்கு விஷம் இறங்கியிருக்குமோ என்ற பயம் வேண்டாம். சகோதரி, உங்களால்தான் இரண்டாவது பிள்ளை தங்கவில்லை என்று சொல்லும் உறவினர்களிடம் இந்தத் தாளையே காட்டலாம். அவருடைய நோயை அவர் அனுமதியோடு சொல்லுங்கள், அவ்வளவுதான்.

பென்சிலால் எழுதிய கேள்வி

‘அம்மன் கோயிலில் தீமிதிக்க இவருக்காக அத்தை வேண்டிக்கொண்டிருக்கிறார். காப்புக் கட்டி விரதமிருந்து இவரே இறங்க வேண்டுமாம். சொன்னால் கோபிப்பீர்களோ?’

ஏன் கோபிக்கப்போகிறேன்? என் அம்மாவும் எனக்காக அலகு குத்த வேண்டிக்கொண்டவர்தான், பரீட்சைக்கு. வேண்டுதலை நிறைவேற்றட்டும், இந்த வருஷம் மட்டும் வேண்டாம். கார்ட்டிசால் இல்லாத உடம்பு பட்டினியைத் தாங்காது. காலையில் சாப்பிடாமல் வயலுக்குப் போய்ச் சர்க்கரை 54க்கு விழுந்ததை மறந்துவிடாதீர்கள். மருந்து நிலைப்பட்டு, சோடியம் நார்மலாகி, ஆறு மாதமாவது மயக்கமில்லாமல் இருந்தால் அடுத்த வருஷம் பேசலாம். அப்போதும் முழுப் பட்டினி கூடாது, பாலும் பழமுமாவது வேளைக்கு வேண்டும், மாத்திரை ஒரு வேளையும் தவறக் கூடாது, அன்றைக்கு அளவைக் கூட்ட வேண்டுமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிக்கு விரதத்தில் விலக்கு உண்டு என்று பூசாரி ஐயாவே அத்தைக்குச் சொன்னால் நான் சொல்வதைவிட அது எடுபடும். இந்த வருஷம் அத்தையோ கொழுந்தனோ அவருக்குப் பதிலாக இறங்கலாமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

அறுவடைக்கு அவர் மறுபடி வயலில் இறங்கும்போது முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போடட்டும். கதிர்க்கட்டைக் கையால் தூக்குமுன் கழியால் தட்டட்டும். இருட்டில் டார்ச். ஒரு முறை கடித்த இடத்தில் மறுமுறை கடிக்காது என்று எந்த விரியனும் சத்தியம் செய்யவில்லை. கடித்தால் மந்திரிப்பவர் வேண்டாம், நேராக ஊசி இருக்கும் இடத்துக்கு. அன்று போன அந்த அரை நாள் கிடைத்திருந்தால் கிட்னியும் பிட்யூட்டரியும் தப்பியிருக்கும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் விஷமுறிவு ஊசி சீக்கிரம் போவதைவிட நல்ல வழி எதுவும் இல்லை.

அடுத்த வாரம் ரங்கூனுக்குக் கிளம்பும்போது டயாலிசிஸ் செய்த பழைய தாள்கள், சோடியம், சர்க்கரை பார்த்த சீட்டுகள், கல்யாண ஆல்பத்திலிருந்து அவர் முகம் தெளிவாகத் தெரியும் ஒரு படம், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தையும் இப்போதைய முகத்தையும் அருகருகே பார்த்தால் டாக்டருக்கு நிறையப் புரியும். வெற்றிலைக் கடைப் பொட்டலம் ஒன்று வீட்டில் மிச்சமிருந்தால் அதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். திட்டு விழும் என்று பயந்து மறைத்துவிடாதீர்கள்.